கை நின்ற கண்ணாடிக்காரர்

பயப்படாமல் கேட்கலாம், இந்தக் கதையில் வருகிற யாரும் சாகப் போவதில்லை. செத்துப்போன ஒருவன் வருகிறான், உண்மைதான். ஆனால் அவன் எப்போதோ போய்ச் சேர்ந்தவன். இங்கே வருவதும் பாதி உடம்போடுதான், ஒரு பழைய போட்டோவின் ஓரத்தில். மற்றபடி ஒரு கண்ணாடிக்காரர், அவர் மனைவி, அவர் தலைக்குள் வைத்த ஒரு கம்பி. இவ்வளவுதான் கதை.

மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் ஒரு தெருவின் வளைவில் அவர்கள் கடை இருந்தது. முன்பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் மேசை. பின்பக்கம் சுவரில் சாய்த்து வைத்த பெரிய பெரிய கண்ணாடிகள். லாரி போனால் அவை ஒன்றோடொன்று உரசி மெல்லிய சத்தம் போடும். கடைக்கு மேலே வீடு. மரத்தூள் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் படியேறி அடுப்படி வரைக்கும் வந்துவிடும். விருந்தாளிக்குத்தான் அது தெரியும், வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

கண்ணாடி வேலைக்குக் கைதான் முக்கியம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அந்தக் கடையில் வாய்தான் முக்கியம். ஒருவர் அளந்து, அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்டுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வெட்டும் வைரத்தைக் கையில் எடுக்க வேண்டும். அளந்தவரே வெட்டக் கூடாது. துணியைத் தப்பாக வெட்டினால் ஒட்டுப் போடலாம். கண்ணாடிக்கு ஏது ஒட்டு? அதே மாதிரி, ஒரு கண்ணாடியைக் கைமாற்றும்போது கொடுக்கிறவர் "பிடிச்சாச்சா?" என்று கேட்பார். வாங்குகிறவர் "பிடிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் விடுவார். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும் இந்த இரண்டு மட்டும் நிற்காது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவு சொல்வாள். அவர் சுவரைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார்.

இதை விட்டால் அவர் வாயிலிருந்து முத்து உதிர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"என்னங்க, கஞ்சியில உப்பு சரியா இருக்கா?"

"ம்."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ம்."

அந்த 'ம்' ஒவ்வொன்றுக்கும் அவள் தனித்தனியாக அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். போதும் என்கிற 'ம்', வேண்டும் என்கிற 'ம்', கோபத்து 'ம்', காது கேட்கவில்லை என்கிற 'ம்'. கடையில் ஆணி அடிக்கிற கொழுந்தன் அவளிடம் கேட்பான்: "அண்ணி, அண்ணனோட இத்தனை வருஷமா எப்படிக் குப்பை கொட்டுறீங்க? சுவருகிட்டப் பேசினாக்கூட எதிரொலி வருமே." அவனுக்கு ஊரில் பெயரே ஆணிதான். ஆளும் அப்படித்தான் இருப்பான், ஒல்லியாக, தலை மட்டும் கொஞ்சம் தட்டையாக.

பேசாதவர் பார்ப்பார். சட்டம் போட வந்த படத்தை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். யார் யார் நிற்கிறார்கள், யார் தோளில் யார் கை, ஓரத்தில் என்ன மங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் என்ன சட்டம் என்று முடிவு செய்வார். படம் பெரிதாக இருந்தால் சட்டத்தைப் பெரிதாகச் செய்வார். படத்தின் மேல் கத்தி படக் கூடாது. ஆணி வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணன் அவனுக்குச் சொன்ன ஒரே பாடம் அதுதான்.

முதலில் கரண்டியில்தான் தெரிந்தது. சூப்பை வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி சட்டையில் விழுந்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட மனைவி வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வைரம். கண்ணாடியின் மேல் வைரத்தை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அதே கோட்டில் இன்னொரு முறை இழுத்தால் கண்ணாடி கோணலாக உடையும். அவர் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. மூலையில் உடைந்த துண்டுகள் குவிந்தன. ஆணி, "நான் வெட்டறேன் அண்ணே" என்று எடுத்தான். அவன் உடைத்தது இன்னும் அதிகம். "சுத்தியலப் பிடிச்ச கை, எதைத் தொட்டாலும் அடிக்கத்தான் பார்க்குது," என்று அவனே சொல்லிக்கொண்டான்.

இரவில் தூங்கும்போது மட்டும்தான் அந்தக் கை அடங்கியது. அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர் விழித்துவிடப் போகிறாரே என்று விட்டுவிடுவாள்.

பெரிய ஆஸ்பத்திரியில், தலைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுத்தால் நடுக்கம் நிற்கும் என்றார்கள். அந்த வைத்தியம் முன்பே இருக்கிறதாம். இவர்களுக்குச் சொன்னது கம்பியை வேறொரு இடத்தில் வைக்கிற புதுவிதம். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்று தலை டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"மிருகங்களுக்கு வெச்சுப் பார்த்தாச்சு. கொஞ்சம் மனுஷங்களுக்கும் வெச்சாச்சு. நல்லாத்தான் இருக்காங்க."

"கை நிக்குமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"நிக்க வாய்ப்பு அதிகம். சில பேருக்கு மனநிலை கொஞ்சம் மாறலாம். அதையும் நான் சொல்லணும்."

"எப்படி மாறும்?"

"சிலர் சோர்ந்து போவாங்க. சிலர் ரொம்ப உற்சாகமா ஆயிடுவாங்க."

ஆணி குறுக்கே விழுந்தான். "எங்கண்ணனுக்கு உற்சாகமா? அப்படி ஒண்ணு நடந்தா நான் மொட்டை மாடியில நின்னு டான்ஸ் ஆடறேன் டாக்டர்."

கண்ணாடிக்காரர் "ம்" என்றார். வேண்டும் என்கிற 'ம்'.

ஆப்பரேஷனின்போது அவரை முழிப்பாக வைத்திருந்தார்களாம். கம்பி சரியான இடத்தைத் தொட்டதா என்று தெரிய, ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று சொன்னார்களாம். அவருக்கு என்ன பேசத் தெரியும்? அளவு சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பன்னெண்டே கால், பதினாறு. ஒம்போதரை, பதினொண்ணு. பச்சை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி விளையாட்டாக அதைத் திருப்பிச் சொன்னாளாம். அப்போதுதான் கை நின்றதாம்.

மார்பில் எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாகத் தலைக்குப் போகிற வயர். பெட்டியை ஓட்டவும் நிறுத்தவும் மனைவியிடம் ஒரு ரிமோட் கொடுத்தார்கள். அவள் அதைப் பூண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுப்படியில் எதுவும் தொலையாது என்பது அவள் நம்பிக்கை.

வீட்டுக்கு வந்த அன்று அவர் அவித்த முட்டையைத் தானே உரித்தார். ஓடு ஒரே சுருளாக வந்தது. மூன்று பேரும் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணிக்குக் கண் கலங்கிவிட்டது. "டான்ஸ் ஆடறேன்னு சொன்னியே?" என்று கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? கண்ணாடிக்காரர்.

அன்று ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். காய்கறி விற்கிறவளோடு வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்து வாதம் செய்தார். வைரத்தைப் பிடித்தால் கோடு நூல் பிடித்தது போல வந்தது. வெட்டிக்கொண்டே பாடினார், மெட்டு ஒரு பாட்டு, வரிகள் இன்னொரு பாட்டு. மனைவி அளவு சொல்ல வாயைத் திறந்தால், "கண்ணாலேயே அளந்துட்டேன் மகாராணி, நீ உக்காரு," என்று வெட்டிவிடுவார். அளவும் சரியாகவே இருக்கும். திருப்பிச் சொல்வது நின்றுபோனதை முதலில் யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் காலையில் படியிறங்கி வந்தவளை நிமிர்ந்து பார்த்து, "இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கு," என்றார். அவள் மறுபடி மேலே போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவப் பாத்திரம் எதுவும் இல்லாமல் சும்மா நின்றாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெட்டி கொண்டு வந்ததில் அவளுக்குப் பிடித்ததும் இருந்தது.

பிடிக்காததும் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் தம்பி இறந்த செய்தி வந்தபோது இவர் விசில் அடித்துக்கொண்டே துக்கம் கேட்கப் போனார். ஏணியின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று கண்ணாடி இறக்கினார். "பிடிச்சாச்சா?" என்று கேட்காமல் விட்டதில் ஆணியின் கால் விரல் மயிரிழையில் தப்பியது. அவள் டாக்டரிடம் சொன்னாள். பெட்டியைச் சரிசெய்கிற பெண் மின்சாரத்தைக் கொஞ்சம் இறக்கினாள். கரண்டி மறுபடி கிண்ணத்தில் தாளம் போட்டது. ஏற்றினார்கள், பாட்டு வந்துவிட்டது.

"கையை நிறுத்துற இடமும், மனசுக்கு பிரேக் போடுற இடமும் உள்ளே பக்கத்துப் பக்கத்து வீடு," என்றார் டாக்டர். "ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற கரண்ட் சுவரைத் தாண்டுது. நடுவுல ஒரு அளவு கிடைக்கும்னு பார்த்தோம். இவருக்குக் கிடைக்கல. இன்னும் கொஞ்ச நாள் பாருங்க. அப்புறம் எந்த அளவுல நிரந்தரமா வைக்கிறதுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க."

"அவரைக் கேட்டா ஏத்தச் சொல்றாரு. நிறுத்திட்டுக் கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு."

டாக்டர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

வெளியே வந்ததும் ஆணி தன் பக்கத்தைச் சொன்னான். "அண்ணி, கை ஆடுற அண்ணனா, வாய் ஆடுற அண்ணனா? கடைக்குக் கை நின்னாப் போதும். வாய் ஆடினா ஆடிட்டுப் போகுது."

அவளும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தாள், பால் பூத் அம்மா வரும்வரை.

அந்த அம்மா தெருமுனையில் பால் விற்கிறவள். மழை தூறிய ஒரு காலையில், பால் கவர் வாசனையோடு, இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு போட்டோவைச் சுற்றி எடுத்து வந்தாள். வாசல் படியில் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள், இவள். எல்லாரும் விறைப்பாக.

"பார்த்துப் போடுங்க. இது ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

"ஒரு படத்துக்கு ஒரு சட்டம்தாம்மா. கவலையே படாதீங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி அப்போது பின்பக்கம் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தாள். ஆணி சட்டத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். மேசைமேல் ஏற்கெனவே செய்து வைத்த அழகான சட்டம் ஒன்று கிடந்தது. படம் அதைவிட ஒரு விரல் அகலம் கூடுதல். புதுச் சட்டம் அறுப்பானேன் என்று அவருக்குத் தோன்றியது. வலது ஓரத்தில் ஏதோ மங்கலாக இருந்தது. கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு. நடுங்காத கை. பாட்டுக்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் பால் பூத் அம்மா வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"என் பையன் எங்க?"

"எந்தப் பையன்?"

"இந்த ஓரத்துல நின்னானே."

கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தார். "அட, அவனா! பாதி ஆள்தானேம்மா இருந்தான். முழுசா நின்னிருந்தா விட்டிருப்பேன். அரை டிக்கெட்டுக்கு சீட் கிடையாது."

ஆணியின் கையில் இருந்த பிரஷ் அப்படியே நின்றது.

அந்த அம்மா கோபப்படவில்லை. பால் பாக்கெட் எண்ணுவது போன்ற சாதாரணக் குரலில் சொன்னாள்: "படம் எடுக்கிறவர் ரெடின்னாரு. இவன் வாசல்ல விளையாடிட்டிருந்தான். நானும் நானும்னு ஓடி வந்தான். வந்து சேர்றதுக்குள்ள அமுக்கிட்டாரு. அப்புறம் இன்னொண்ணு எடுக்கலாம்னோம். எடுக்கல. அதுக்குள்ள போயிட்டான்."

"சரி விடுங்கம்மா. போனவங்க போனவங்கதான்," என்றார் கண்ணாடிக்காரர், அதே சிரிப்போடு. "வேணும்னா தங்கக் கலர் சட்டம் ஒண்ணு போட்டுத் தர்றேன்."

பால் பூத் அம்மா படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். குடையைக்கூட விரிக்கவில்லை.

மனைவியும் ஆணியும் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். மரச்சீவல், வளைந்த ஆணிகள், கண்ணாடித் துண்டுகள். அவள் விரலில் ரத்தம் வந்தது. அடியில் கிடந்தது அந்தத் துண்டு, ஒரு விரல் அகலம். அதில் ஒரு தோள், ஒரு காது, உயர்த்திய ஒரு கை. ஓடி வருகிற வேகத்தில் கை மங்கியிருந்தது.

"இன்னும் தேடறீங்களா?" என்று அவர் முன்பக்கத்திலிருந்து கேட்டார். "பசிக்குது மகாராணி."

அவள் மேலே போய், பூண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்து, அமுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். கை ஆட ஆரம்பித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டத்திலிருந்து கழற்றி அவள் மேலே கொண்டுவந்த படமும் அந்தத் துண்டும் மேசைமேல் இருந்தன. அவர் துண்டை வெகுநேரம், பழைய மாதிரி, பார்த்தார்.

"நடந்தது ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அது நீங்க இல்லீங்க. அந்தக் கரண்டு பண்ற வேலை."

"கரண்டுக்கு வாய் இருக்கா?" என்றார். "நான்தான் வெட்டினேன். நான்தான் சிரிச்சேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அப்ப உள்ள ஒண்ணுமே தோணலையா?"

அவர் யோசித்தார். இவ்வளவு பேசியதே அவருக்கு அதிகம். "தோணுச்சு. யாரோ கதவைத் தட்டுற மாதிரி. எந்திரிச்சுத் திறக்கணும்னு தோணல."

துண்டைப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க முயன்றார். விரல்கள் அதை அங்கும் இங்கும் தள்ளின. அவள் உதவ வரவில்லை. சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். வெளியே மழை ஓட்டிலிருந்து ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரு கேட்டாரே, என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"உனக்கு எப்படி வேணும்?"

அந்தக் கேள்வியை அவர் இதுவரை அவளிடம் எதற்கும் கேட்டதில்லை. அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பெட்டி ஓடும்போது இருக்கிறவரு பேசறாரு. என்னைப் பார்த்து நீலம் எடுப்பா இருக்குன்னாரு. நீங்க சொன்னதே இல்ல."

"ம்," என்றார். அவள் அர்த்தம் வைக்காத ஒரு 'ம்'. பிறகு மெதுவாக, "எடுப்பாத்தான் இருந்துச்சு. எப்பவுமே," என்றார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் கடகடத்தது. அவர் அதைக் கீழே வைத்தார்.

"அளவு சொல்றேன், கேட்டுக்கோ. பகல் முழுக்க ஓடட்டும். கண்ணாடி வெட்டணும்ல. விளக்கு வெச்சா நிறுத்திடு. ஓடும்போது நான் படத்தைத் தொடக் கூடாது. படமெல்லாம் சாயந்திரம், இந்தக் கையால."

"சாப்பாடு சிந்துமே."

"சிந்தட்டும்."

"அவரு ஒத்துக்க மாட்டாருங்க."

"அவரு என்ன அவரு? நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார். "நாளைக்கு அது ஓடும்போது, சாயந்திரமும் எனக்கு வேணும்னு நானே சண்டை போடுவேன். அதான் உங்கிட்ட சொல்றேன். நானே அளந்து நானே வெட்டக் கூடாது. திருப்பிச் சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள். பகல் முழுக்க ஓடும். விளக்கு வெச்சா நிக்கும். படம் தொடறது கிடையாது.

"சரி," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். பஸ் நெரிசலில் அவர் தடுமாறக் கூடாதென்று அவள் பெட்டியை ஓட விட்டிருந்தாள். அதனால் வழியெல்லாம் அவர் கண்டக்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். டாக்டர் அறையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"நேர்மையாச் சொல்றேம்மா. ஒரே அளவுல தொடர்ந்து ஓடினாத்தான் எங்க ஆராய்ச்சிக் கணக்குல இவரைச் சேர்க்க முடியும். தினமும் ஏத்தி இறக்கினா இவரை விட்டுட வேண்டியிருக்கும்."

"பெட்டிய எடுத்துடுவீங்களா?"

"சேச்சே. வைத்தியம் நிக்காது. கணக்குலதான் இருக்க மாட்டாரு. ஆனா அவர் சம்மதம்னு கையெழுத்து வேணும்."

"நான் ஏன் போடணும்?" என்றார் கண்ணாடிக்காரர். "டாக்டர், நீங்களே சொல்லுங்க. சாயந்திரம் ஆனா இவ என்னை அணைச்சிடுவாளாம், ட்யூப் லைட்டு மாதிரி. குனிஞ்ச கழுத்தும் சிந்துற சூப்புமா நான் உக்காந்திருக்கணுமாம். பகல்ல உழைக்கிறது நான், எனக்கு ஒரு சாயங்காலம் கிடையாதா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதில் நியாயம் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

ஆணி மெதுவாக, "அண்ணி, சும்மா அப்படியே ஓடட்டுமே," என்றான்.

டாக்டர் அவளைத் தனியாகப் பார்ப்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "பெட்டிய நிறுத்திட்டுக் கேட்டா அவர் சம்மதம்னு சொல்லுவாருன்னா, அப்ப ரேகை வெச்சுக்கலாம். கை ஆடினாலும் ரேகை செல்லும்."

அவள் தலையாட்டினாள், வேண்டாம் என்று. "அது இவருக்குத் தெரியாம வெட்டின மாதிரி டாக்டர். தினமும் கடையில நிக்கப் போறது இவரு. இவரும்தான் சொல்லணும்."

"இவர்தான் மாட்டேங்கறாரே."

அவள் எழுந்து நின்றாள். கடையில் பின்பக்கம் நின்றுகொண்டு முன்பக்கத்துக்குச் சொல்கிற குரல் ஒன்று அவளுக்கு உண்டு. லாரிச் சத்தத்தைத் தாண்டிப் போகிற குரல். ஆஸ்பத்திரி அறைக்கு அது ரொம்பப் பெரிது.

"பகல் முழுக்க ஓடும். விளக்கு வெச்சா நிக்கும். படம் தொடறது கிடையாது."

கண்ணாடிக்காரர் சிரித்த வாயோடு அவளைப் பார்த்தார். என்னவோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அவர் உதடு அசைந்தது. எத்தனையோ வருஷம் அந்தக் குரலுக்கு அந்த வாய் பதில் சொல்லிப் பழகியது.

"பகல் முழுக்க ஓடும்," என்றார். நிறுத்தினார். அவள் உட்காரவில்லை. "விளக்கு வெச்சா நிக்கும்." ஜன்னலுக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். "படம் தொடறது கிடையாது."

சொல்லி முடித்ததும் உரக்கச் சிரித்தார். "நல்லா மாட்டி விட்டியே! திருப்பிச் சொன்னவன் வெட்டணும்ல?"

"வெட்டணும்," என்றாள்.

"கொடுங்க டாக்டர் பேனாவ." கையெழுத்து அச்சுக் குத்தினது போல விழுந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. பஸ்ஸிலும் இல்லை. இறங்கும்போது அவளிடம் மட்டும் சொன்னார்: "காலையில ஓட விட மறந்துடாத, என்ன?"

"மறப்பேனா?" என்றாள்.

பால் பூத் அம்மா தானாக வரவில்லை. ஆணிதான் போய்க் கூப்பிட்டான், வாசலில் நின்று தலையைச் சொறிந்து, ஒருமுறை வந்துட்டுப் போங்க என்று. அன்று மழை விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

பகலில் சட்டத்தையும் கண்ணாடியையும் வெட்டியாகிவிட்டது. மனைவி அளவு சொன்னாள். பாட்டுக்கு நடுவில் அவர் திருப்பிச் சொன்னார். படத்தின் பழைய முழு அகலத்துக்குச் சட்டம். படமும் துண்டும் ஓர் உறைக்குள் அலமாரியில் காத்திருந்தன. இருட்டியதும் அவள் மேலே போய் அமுக்கிவிட்டு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அவர் மேசையில் உட்கார்ந்து, துண்டைப் படத்தின் ஓரத்தோடு சேர்க்க ஆரம்பித்தார். நேரம் ஆயிற்று. ஆணி இரண்டு முறை டீ வாங்கி வந்தான். ஒரு டீ மேசைமேல் சிந்தி, ஆணி பாய்ந்து துடைத்தான். கடைசியில் தோள் வீட்டுப் படியோடு சேர்ந்தது, படம் சட்டத்துக்குள் போனது.

பால் பூத் அம்மா உள்ளே வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

கண்ணாடிக்காரர் எழுந்தார். "அன்னிக்குச் சிரிச்சது நான்தாம்மா," என்றார். பெட்டியைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. ஆணி சொல்ல வாயெடுத்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அந்த அம்மா மேசைமேல் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதற்கு இந்தப் பக்கம் நான்கு பேர் விறைப்பாக. அந்தப் பக்கம் ஒரு பையன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

"கோடு தெரியுது," என்றாள்.

"தெரியும்மா. போகாது."

கண்ணாடிக்காரர் படத்தை இரண்டு கையாலும் தூக்கினார். கை ஆடியது. சட்டத்துக்குள் கண்ணாடி கடகடவென்று சத்தம் போட்டது. மனைவி அரை அடி முன்னால் வந்துவிட்டு, அங்கேயே நின்றாள். பால் பூத் அம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் புறங்கையும் உள்ளங்கையுமாக உடுப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"பிடிச்சாச்சா?" என்றார்.

சட்டத்தின் இரண்டு பக்கமும் நான்கு கைகளும் இருந்தன, அவர் நடுக்கம் அவள் முழங்கை வரைக்கும் ஏறியது.

"பிடிச்சாச்சு," என்றாள்.

அவர் விட்டார்.